நூறு அடிக்கு ஓர் அங்குலம்

நார்த்தாம்ப்டன் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. எந்தத் திசையில் கிளம்பினாலும் கடல் தொலைவுதான். கப்பலை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி விலைக்கு விற்றவர்களில் முன்வரிசைக்காரர் அந்த ஊரில் பிறந்தவர் என்பது வேடிக்கை. டபிள்யூ. ஜே. பாசெட்-லோக் (1877–1953) அவர் பெயர். அப்பாவுக்குக் கொதிகலன் பட்டறை. மகன் நீராவி இயந்திர மாதிரிகளுக்கான உதிரிப் பாகங்களைத் தபாலில் விற்கத் தொடங்கினார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மன் பொம்மைத் தொழிற்சாலைக்காரர்களைச் சந்தித்தார். அதிலிருந்து அவர் பெயர் பொம்மை ரயிலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே கடை விற்ற கப்பல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

முதல் உலகப் போருக்கு முன்பே அந்தக் கடையில் சிறு மரக்கப்பல்கள் விற்பனைக்கு இருந்தன. அடிப்பாகம் இராது, நீர்மட்டக் கோட்டில் வெட்டியது போல் தட்டையாக முடியும். மேசைமேல் வைத்தால் மேசையே கடல். உண்மைக் கப்பலின் நூறு அடி, மாதிரியில் ஓர் அங்குலம். அதாவது 1:1200. நானூற்றைம்பது அடி நீளச் சரக்குக் கப்பல் நாலரை அங்குலம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

அதற்கு முன் கப்பல் மாதிரி என்றால் வேறு ஜாதி. கப்பல் கட்டும் தளத்தில் பாதிக் கப்பலை மரத்தில் செதுக்கி, அதன் வளைவைக் கையால் தடவிப் பார்த்து, அதிலிருந்து அளவெடுத்து உண்மைக் கப்பலைக் கட்டிய காலம் உண்டு. பின்னாளில் வரைபடம் வந்தது. மாதிரி, கப்பல் முதலாளியின் அலுவலகக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அலங்காரப் பொருளானது. கிளாஸ்கோ, லிவர்பூல் பக்கத்துக் கப்பல் நிறுவனங்களில் அப்படிப்பட்டவை நிறைய இருந்தன. நங்கூரச் சங்கிலியும் சுழல்பொறிகளும் வெள்ளி, தங்க முலாம் பூசி மின்னும். 1:48 என்பது அங்கே வழக்கமான அளவுகளில் ஒன்று. அந்தக் கணக்கில் மேலே சொன்ன அதே கப்பலின் மாதிரி ஒன்பது அடிக்கு மேல் நீளும். அதை வைக்கக் கூடம் வேண்டும். கூடம் முதலாளியிடம்தான் இருந்தது. கப்பலில் வேலை பார்த்தவனுக்கு மிஞ்சியது, ஓய்வு வேளையில் தானே செய்து பாட்டிலுக்குள் நுழைத்த பாய்க்கப்பல்.

ஆக, கப்பல் சிறுத்தது யாருக்காக? மாலுமிக்காக இல்லை. போருக்காக.

1898இல் ஃப்ரெட் டி. ஜேன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். மேசைமேல் சின்னக் கப்பல்களை நகர்த்திச் சண்டை போடும் ஆட்டம். எதிரிக் கப்பலின் படத்தை ஊசி பொருத்திய மட்டையால் குத்துவார்கள். ஊசி எங்கே இறங்கியதோ அங்கே குண்டு விழுந்ததாகக் கணக்கு. எந்தக் கப்பலுக்கு எவ்வளவு கவசம், எத்தனை பீரங்கி என்று தெரியாமல் இதை ஆட முடியாது. அந்த விவரங்களைத் திரட்டி அதே ஆண்டில் அவர் போட்ட புத்தகம்தான் உலகப் போர்க்கப்பல்களின் ஆண்டு மலராக இன்றுவரை வருகிறது. ஆட்டம் மறைந்தது, புத்தகம் நின்றது. ஆனால் சின்னக் கப்பலுக்கும் கடற்படைக்கும் முடிச்சு அங்கே விழுந்துவிட்டது.

1:1200 அந்த முடிச்சுக்கு ஏன் பொருந்தியது என்று கணக்குப் போட்டால் தெரியும். பத்தடி தள்ளி நின்று மாதிரியைப் பார்க்கிறீர்கள் என்றால், உண்மைக் கப்பலை 12,000 அடிக்கு அப்பால் இருந்து பார்க்கிறீர்கள். ஏறக்குறைய இரண்டு கடல் மைல். ஒரு சாதாரண அறையின் நீளத்துக்குள் அடிவானம் வரை போய்வரலாம். இளம் அதிகாரியை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரோரம் ஒரு கப்பலை வைத்து, "இது யாருடையது?" என்று கேட்கலாம். இரண்டு உலகப் போர்களிலும் இந்தப் பயிற்சி நடந்தது. ஜெர்மனியில் 1930களில் விக்கிங் என்ற நிறுவனம் மெட்ரிக் கணக்குக்குத் தோதாக 1:1250இல் உலோகக் கப்பல்களை வார்த்தது. அமெரிக்கக் கடற்படைக்கு நியூயார்க்கிலும் சிகாகோவிலும் இருந்த வார்ப்புப் பட்டறைகள் 1:1200இல் செய்து கொடுத்தன.

வணிகக் கப்பல் இந்தக் கதைக்குள் நுழைவது, அதை வேட்டையாடிய நீர்மூழ்கிகளின் வழியாக. போர்க்கப்பலை அடையாளம் காண்பது எளிது. ஒவ்வொரு நாட்டிலும் இத்தனை என்று எண்ணிவிடலாம். சரக்குக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில், தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றே போல. இதற்கு ஒரு வழி கண்டவர் ஆங்கிலேயக் கடற்படையின் ரிசர்வ் அதிகாரி ஈ. சி. டால்பட்-பூத். கப்பலில் செங்குத்தாக நிற்பவற்றை மட்டும் முன்னிருந்து பின்னாகப் படிக்க வேண்டும். பெரிய கம்பம் என்றால் எம், சரக்கு தூக்கப் பயன்படும் குட்டைக் கம்பம் என்றால் கே, புகைபோக்கி என்றால் எஃப். எம்-கே-எஃப்-கே-எம் என்று ஒரு சொல் மாதிரி கப்பல் வந்து நிற்கும். அந்த எழுத்து வரிசையைப் புத்தகத்தில் தேடினால், ஆயிரத்தில் இருந்து பத்துக்கு வந்துவிடலாம். எதிர்த்தரப்பான ஜெர்மனியில் எரிக் குரோனர் உலக வணிகக் கப்பல்களின் நிழலுருவங்களைத் திரட்டிப் புத்தகம் போட்டார். ஒருவர் காப்பாற்றுவதற்கும் இன்னொருவர் மூழ்கடிப்பதற்கும் ஒரே கப்பலை ஒரே அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தில் 1942 ஜனவரியில் கடற்படை அதிகாரி கில்பர்ட் ராபர்ட்ஸ் நீர்மூழ்கிகளை எதிர்கொள்ள ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கினார். தரையே அட்லாண்டிக். கட்டம் போட்ட தரையில் சின்ன மரக்கப்பல்களை நகர்த்திச் சாக்குக்கட்டியால் தடம் வரைவார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் திரைத்துணியின் சிறு துவாரம் வழியே மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கியின் தடம் அந்தக் கோணத்தில் கண்ணுக்குப் படாத நிறத்தில் இருக்கும். ஆட்டத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். அந்தத் தரையில் நடுவில் வரிசையாக நின்ற சரக்குக் கப்பல்களுக்குப் பெயர் கிடையாது. அவை காக்கப்பட வேண்டியவை, அவ்வளவுதான்.

போர் முடிந்தது. மாதிரிகள் கடைக்கு வந்தன. பயிற்சிக்கு வார்த்தவர்களே சேகரிப்பவர்களுக்கு விற்றார்கள். இங்கிலாந்தில் லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் 1950களின் கடைசியில் ட்ரையாங் மினிக் என்ற பெயரில் 1:1200 உலோகக் கப்பல்களைச் சிறுவர்களுக்காக வெளியிட்டது. குவீன் மேரி, குவீன் எலிசபெத், அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் எல்லாம் உண்டு. நிறுத்திவைக்கத் துறைமுகச் சுவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பட்டியல்களில் சாதாரணச் சரக்குக் கப்பலைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரணம் அச்சு. உலோகத்தில் வார்க்க அச்சு வெட்ட வேண்டும். அது பெரிய செலவு. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் முதல் திரும்பும். குவீன் மேரியை எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில் அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி கப்பலுக்கும் ஒரு நியாயம் உண்டு: ஒரே வரைபடத்தில் 2,710 கப்பல்கள். ஒரு அச்சு போதும், எந்த லிபர்ட்டியில் போனவரும் வாங்கலாம். ஆனால் கிளான் லைன் கம்பெனியின் ஏதோ ஒரு கப்பலை, கல்கத்தாவுக்குச் சணல் ஏற்றப் போய்வந்த புரோக்கிள்பேங்க் கம்பெனிக் கப்பலை யார் வாங்குவார்? அதில் வேலை பார்த்தவர் மட்டுமே. அவருக்காக ஓர் அச்சு வெட்ட எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. அதனால் அவருடைய கப்பலை யாராவது மரத்துண்டிலிருந்து கையால் செய்தாக வேண்டும். தயார்ப் பாகங்களைப் பெட்டியில் வாங்கிப் பொருத்தாமல், முழுக்க வெறும் மரம், கம்பி, காகிதத்தில் தொடங்கும் குட்டி வணிகக் கப்பல் என்ற இந்தத் தனித் தொழில், பெரிய வியாபாரம் கழித்துவிட்ட இடத்தில்தான் வேர்விட்டது என்று நினைக்கிறேன்.

முன்னோடிகள் இருந்தார்கள். அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வான் ரைப்பர் என்ற பட்டறை 1930களிலிருந்தே பயணிகளுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் மரத்தில் சிறு கப்பல்கள் செய்து விற்றது. இங்கிலாந்தில் டொனால்ட் மெக்நாரி இந்தச் சின்ன அளவை நகைவேலைத் தரத்துக்கு உயர்த்தினார். நுட்பத்தைப் புத்தகமாகவும் எழுதினார். ஆனால் வாடிக்கையாளர் கூட்டம் ஒன்றை உண்டாக்கியது ஒரு தகரப் பெட்டி. 1956 ஏப்ரல் 26இல் ஐடியல்-எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மூட்டையும் பீப்பாயும் ஏற்றிய பழைய கப்பல்களுக்கு வேலை போனது. கம்பெனிகளும் போயின. கப்பல்கள் உடைக்கும் கரைக்குப் போக, ஆட்கள் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள். முதன்முதலாக ஏறிய கப்பல் உலகத்தில் எங்குமே இல்லை என்ற நிலையில், அது ஒரு சாண் நீளத்தில் கிடைக்கும் என்றால் வாங்க ஆள் இருக்கத்தானே செய்யும்.

அவர்கள் முதலில் பார்ப்பது புகைபோக்கியை. ஒவ்வொரு கம்பெனிக்கும் அதுதான் கொடி. புளூ ஃபன்னலுக்கு உயரமான நீலம், மேலே கறுப்பு. கிளான் லைனுக்குக் கறுப்பில் இரண்டு சிவப்புப் பட்டை. லிவர்பூலின் ஹாரிசன் லைனுக்குக் கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டை, இடையில் ஒரு சிவப்பு. கொழுப்பு ரெண்டு, கறி ஒண்ணு என்று மாலுமிகள் அதைக் கிண்டல் செய்வார்கள். கறுப்பில் இரண்டு வெள்ளை வளையம் மட்டும் என்றால் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. இது நமக்கும் தெரிந்த அடையாளம். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜுலா அந்தக் கம்பெனியுடையதுதான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தளத்தில் பாய் விரித்துப் போன தலைமுறைகளை அது சுமந்தது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் 'தாத்தா ரஜுலாவில் வந்தார்' என்பது ஒரு முகவரி மாதிரி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்தியத் துணைக்கண்டத்துக் கப்பல் தொழிலாளி. சில்ஹெட்காரர்கள் கொதிகலனுக்குக் கரி தள்ளினார்கள், கோவாக்காரர்கள் சாப்பாடு பரிமாறினார்கள். கண்ணாடிப் பெட்டியில் கப்பலைக் கேட்டு வாங்குபவர் பெரும்பாலும் அதே கப்பலின் கேப்டன், எஞ்சினியர், ரேடியோ அதிகாரி. கரி தள்ளியவர் வீட்டு அலமாரியில் அது இல்லை. பார்க்க அழகான இந்தச் சின்னப் பொருளிலும் மேல்தளம், கீழ்த்தளம் உண்டு.

விற்பனைக்குச் செய்பவர்கள் எல்லோரும் 1:1200இல் நிற்பதில்லை. அந்த அளவில் ஆள் ஒன்றரை மில்லிமீட்டர். கைப்பிடிக் கம்பியை விட்டுவிடலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். 32 அடிக்கு ஓர் அங்குலம், அதாவது 1:384, இங்கிலாந்தில் பலருக்குப் பிடித்த அளவு. நானூற்றைம்பது அடிக் கப்பல் பதினாலு அங்குலத்தில் வந்துவிடும், வரவேற்பறையில் இடம் இருக்கும், வேலைப்பாடும் தெரியும்.

முதல் வேலை வரைபடம் தேடுவது. கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் தளங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது அவற்றின் தாள்களில் பலவும் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகம், கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வரைபடம் கிடைக்காவிட்டால் புகைப்படம். பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரே ஒரு படமும் கப்பலின் மொத்த நீளமும் தெரிந்தால் மற்ற அளவுகளை விகிதம் போட்டு எடுத்துவிடலாம். படம் சாய்வாக இருந்தால் கஷ்டம்.

அடுத்து உடற்பகுதி. நார் தெரியாத மென்மையான மரம் வேண்டும். பைன் ஆகும். மலேயாக் காட்டு ஜெலுடாங் இன்னும் நல்லது. ஒரு காலத்தில் சூயிங்கம்முக்குப் பால் எடுத்த மரம் அது. எந்தப் பக்கம் செதுக்கினாலும் பிளக்காது. பலகைகளைப் படுக்கையாக அடுக்கி ஒட்டி, அட்டையில் வெட்டிய வளைவுகளை வைத்துச் சரிபார்த்துச் சரிபார்த்துச் செதுக்க வேண்டும். பழைய கப்பலின் தளம் நேர்கோடு கிடையாது. முன்னாலும் பின்னாலும் மெல்ல ஏறும், நடுவில் தாழும். அந்த ஏற்றத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால் பிறகு ஆயிரம் நுணுக்கம் சேர்த்தாலும் கப்பல் கட்டைதான். பழகியவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

மேலே உள்ள அறைகள் மரத்துண்டுகள், மெல்லிய அட்டை. சன்னல்களைத் துளைப்பதுண்டு, மையில் புள்ளி வைப்பதும் உண்டு. புகைபோக்கி பித்தளைக் குழாய். பல கப்பல்களில் அது வட்டமாக இராது, நீள்வட்டம், ஆகையால் லேசாக நசுக்க வேண்டும். உயிர்ப்படகுகள் எல்லாம் ஒன்றே போல் வர வேண்டும். வேலையிலேயே சலிப்பானது இதுதான் என்பேன். ஒரு நல்ல படகு செய்பவருக்கும் எட்டு ஒரேமாதிரிப் படகு செய்பவருக்கும் நடுவே நிறைய தூரம்.

கயிறுகள்தான் கடைசித் தேர்வு. ஒரு அங்குலக் கனமுள்ள கயிறு 1:384இல் தலைமுடி கனத்துக்கு வந்துவிடும். நூலைப் பயன்படுத்தினால் அதன் பஞ்சு நீட்டிக்கொண்டு நிற்கும். காற்றின் ஈரம் மாறும்போது தொய்யும், அல்லது இறுகிக் கம்பத்தை வளைக்கும். அதனால் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கில் சுற்றும் மெல்லிய செப்புக் கம்பி. கண்ணாடிமேல் வைத்து இரும்பு அளவுகோலால் உருட்டினால் நேராகும். சரியான நீளத்துக்கு நறுக்கி, இரு முனையிலும் துளி பசை. இழுத்துக் கட்டுவதே இல்லை. சும்மா அந்த இடத்தில் அமர்ந்திருக்கும். கைப்பிடிக் கம்பி வரிசையையும் இதே கம்பியில் சட்டத்தில் கோத்துப் பற்றவைத்து எடுப்பார்கள்.

வண்ணத்திலும் ஒரு தந்திரம். கம்பெனி பூசிய அதே கறுப்பை அப்படியே பூசினால் மாதிரி கரிக்கட்டையாகத் தெரியும். தூரத்துப் பொருளின் நிறம் வெளிறித் தெரிவதுதான் நம் கண்ணுக்குப் பழக்கம்; அதனால் எல்லா நிறத்தையும் கொஞ்சம் மங்கவைக்க வேண்டும். மாதிரியைச் சுற்றி அமைக்கும் கடலுக்கும் இதே எச்சரிக்கை. சுற்றுலா அட்டையின் நீலம் வட அட்லாண்டிக்கில் கிடையாது. பச்சை கலந்த சாம்பல், கப்பலின் வேகத்துக்கு ஏற்ற நுரை. பத்து நாட் வேகத்தில் ஊர்ந்த கரிக்கப்பலின் முகப்பில் ராட்சத நுரையைப் பூசினால், அதில் போனவர் பார்த்துச் சிரிப்பார். சரக்கேற்றி அமிழ்ந்திருக்கிறதா, காலியாக மிதந்து அடிச் சிவப்பும் உந்துவிசிறியின் நுனியும் தெரிகிறதா என்பதையும் மரம் வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

விற்பவர் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது கப்பல் பெயரைவிட, எந்த வருடம் என்பது. ஒரே கப்பல் போருக்கு முன் கம்பெனி நிறத்திலும், போரில் முழுச் சாம்பலிலும், பிறகு ரேடார் கம்பத்தோடும், கடைசியில் வேறு நாட்டு முதலாளிக்குப் போய் வேறு பெயரிலும் வேறு புகைபோக்கியிலும் ஓடியிருக்கும். இதைக் கேட்காமல் செய்தால் சண்டைதான். கேட்டுச் செய்தாலும் வரும். 'சமையலறைக் கதவு இடப்பக்கம் அல்லவா' என்பார் வாங்கியவர். வரைபடம் வலப்பக்கம் என்று சொல்லும். வரைபடம் கட்டும்போது போட்டது. பிறகு கப்பலில் யாராவது மாற்றியிருக்கலாம். இப்படிப்பட்ட தகராறில் அங்கே வாழ்ந்தவர் பக்கம் சாய்வதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

விலை தனித் தலைவலி. மாதக்கணக்கில் போகும் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி போட்டால் வாங்குபவர் எழுந்து போய்விடுவார். அதனால் இதையே நம்பிப் பிழைத்தவர்கள் குறைவு. ஓய்வூதியத்தோடு செய்தவர்களே அதிகம். ஒரே கம்பெனியின் சகோதரக் கப்பல்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துச் செய்தால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். கண்ணாடிப் பெட்டி செலவையும் விலையில் சேர்க்க வேண்டும். பெட்டி இல்லாமல் விற்பது ஏமாற்று, ஏனென்றால் செப்புக் கம்பிகளுக்கு நடுவே தூசியைத் துடைக்க எந்தத் தூரிகையாலும் முடியாது. கப்பலை அடியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கியும் தபாலில் அனுப்பப் பயப்படுபவர்கள் உண்டு. நேரில் வந்து வாங்கிப் போங்கள் என்பார்கள்.

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்திருக்கிறது. உயிர்ப்படகுகளை அது எட்டென்ன, எண்பதும் ஒரே மாதிரி கொடுக்கும். அதை மறுப்பவர் வீணாகக் கஷ்டப்படுகிறார். தலைமுடிக் கம்பிகளை இன்னும் அதனால் சரியாக இழுக்க முடியவில்லை. வாடிக்கையாளரும் மாறுகிறார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற எவர் கிவன் 400 மீட்டர் நீளம். 1:384இல் அது ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், எந்த வீட்டு அலமாரியிலும் ஏறாது. அப்படிப்பட்ட கப்பலில் இருபத்தைந்து பேர் வேலை பார்த்தாலே அதிகம். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று வந்து தன் கப்பலைக் கேட்டால் 1:1200தான் சரிப்படும்: பதிமூன்று அங்குலம், அதில் பெரும்பகுதி வண்ண வண்ணப் பெட்டிகள். செய்வது சுலபம். கயிறே கிடையாது.